நிழல் பார்க்காமல் விட்ட சொட்டு

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தபோது நான் வேலையில் இருந்தேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே பேனா நகராது. ஓய்வு பெற்ற பிறகும் நாலு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. காரணம் பயம்தான். மகள் படிப்பாள், மாப்பிள்ளை படிப்பார், கூட வேலை பார்த்தவர்கள் படிப்பார்கள். ரங்கநாதர் சந்நிதியில் நின்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லியாயிற்று. அவரிடம் சொல்வது சுலபம், திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார். மனிதர்களிடம் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆனது.

கண் ஆஸ்பத்திரிகளில் சொட்டு மருந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்கு. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவது முடித்து, புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, முப்பத்துநாலு வருஷம் அங்கேயே இருந்தவன். கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பாஷையில் ஒரு தடவை கேளுங்கள். கண்ணுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. இது உள்ளே ஊறி, கருவிழித் திரைக்கு நடுவில் இருக்கிற துவாரம் வழியாக முன்னறைக்கு வந்து, ஓரத்தில் இருக்கிற மெல்லிய வடிகால் வழியாக வெளியே போகும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கிற வரைக்கும் கண் கண்ணாக இருக்கும். எனக்குச் சொந்த ஊர் ஜீயபுரம். எங்கள் வாழைத் தோட்டத்தில் மடைவாயில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி நிற்கும். ஒருநாள் நின்றால் தாங்கும், இரண்டு நாள் நின்றால் கிழங்கு அழுகிவிடும். கண்ணில் அழுகுவது பின்னால் இருக்கிற பார்வை நரம்பு. அதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். போனது திரும்பி வராது.

சிலருக்குக் கண் பிறவியிலேயே சின்னது. முன்னறை ஆழமே இல்லாமல் இருக்கும், வடிகால் சந்து குறுகலாக இருக்கும். இவர்களுக்குப் பாப்பாவை, அதாவது அந்த நடுத் துவாரத்தை, விரிக்கிற சொட்டு விட்டால், சுருங்கின திரை ஓரத்தில் போய்க் குவிந்து வடிகாலை அடைத்துவிடும். அதற்காகத்தான் சொட்டு விடுவதற்கு முன்னால் காதுப் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்கிறோம். திரை முழுக்க வெளிச்சம் பட்டால் பயமில்லை. மூக்குப் பக்கம் பாதித் திரையில் நிழல் விழுந்தால் சொட்டைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எண்ணி நாலு விநாடி வேலை. அந்த நாலு விநாடியைப் பற்றித்தான் இது.

ஐப்பசி மாதம், ஏகாதசி. விடியற்காலையிலிருந்தே மழை மூட்டம். காட்டூரில் என் வீட்டில் நான் ஏகாதசிக்கு உபவாசம் இருப்பது வழக்கம், மோர் மட்டும் குடிப்பேன். பட்டினியால் கவனம் சிதறியது என்று நான் சொல்லப்போவதில்லை. பட்டினி பெருமாளுக்காக இருந்தது, கவனக்குறைவு என்னுடையது. பெஞ்சில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் எழுந்து வந்து, "சார், நான் எட்டு மணிக்கே வந்தவன், எனக்கு அப்புறம் வந்தவருக்கெல்லாம் சொட்டு விட்டாச்சு" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த ஆளின் தாடையைத் தூக்கினேன்.

அந்த அடுத்த ஆள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த வேதவல்லி மாமி. அறுபத்துநாலு வயசு. சின்ன வயசில் கிட்டிப்புள் பட்டு இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணில் புரை ஆரம்பமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார். தனியாகப் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர், நல்ல வாய்.

"எத்தனை தடவை விடுவேள்? கண்ணுக்கு அபிஷேகமா பண்றேள்?"

"மூணு தடவை மாமி. கண்ணை மூடிக்கங்க, பேசாதீங்க."

"பேசாம இருக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்கோ. தொண்டையில கசக்கறதே! இன்னிக்கு ஏகாதசி, வாயில ஜலம்கூட விடலை நான்."

"கண்ணுலேருந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கு மாமி, அதுல இறங்கும். துப்பிடுங்க."

கண்ணையும் மூக்கையும் பற்றி வியாக்கியானம் சொன்னேனே ஒழிய, டார்ச் அடிக்கவில்லை. சீட்டில் 'முன்னறை ஆழம்: பார்த்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்து, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன். டாக்டர் பார்த்தார், பின்னால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினார், மாமி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நாலரை மணி இருக்கும். கூட்டம் வடிந்தபின் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமியின் சீட்டு கையில் வந்தது. கண்ணாடிப் பவர் ப்ளஸ் ஆறு. அப்போதுதான் காலையில் பார்த்த முகம் திரும்ப எதிரில் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாமியின் கண் பெரிதாக, அகல் மாதிரி தெரிந்ததே! ப்ளஸ் பவர் அப்படித்தான் பெருக்கிக் காட்டும். ப்ளஸ் பவர் அவ்வளவு என்றால் கண் சின்னது. கண் சின்னது என்றால் சந்து குறுகல். இது எனக்குத் தெரியாததா? இருபது பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்தில் டிக். அதற்கு எதிரில், இடது கண்: வெளிச்சமே தெரியவில்லை.

ஆனாலும் மனசு என்ன சொல்லிற்று தெரியுமா? 'டாக்டர்தான் பார்த்து அனுப்பிட்டாரே. ஒண்ணும் ஆகாது. ஆயிருந்தா இந்நேரம் போன் வந்திருக்கும்.' நம் மனசு நமக்கு வக்கீலாக வரும்போது ஜாக்கிரதையாக இருங்கள்.

சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மாமியின் கணவர் எடுத்தார்.

"மாமா, ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். மாமி எப்படி இருக்காங்க?"

"படுத்துண்டிருக்கா. தலைவலி. ரெண்டு தடவை வாந்தி வேற. ஏகாதசின்னா அவளுக்கு இப்படித்தான், பித்தம் தலைக்கு ஏறிடும். சுக்குப் பத்து போட்டிருக்கேன்."

தலைவலி. வாந்தி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினாலும் இரண்டும் வரும்.

"கண்ணு வலிக்குதுன்னு சொல்றாங்களா மாமா?"

"அந்தப் பக்கம்தான் தலை இடிக்கறதுங்கறா. ஏன் சார் கேக்கறேள்?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அவர் நேராகக் கேட்டார். நான் நேராகப் பதில் சொல்லியிருந்தால், வாசலில் போகிற ஆட்டோவில் அரைமணி நேரத்தில் மாமியை ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். நான் சொன்ன பதில் இது: "சும்மாதான் மாமா. முடிஞ்சா ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

"நாளைக்கு துவாதசி பாரணை முடிச்சுண்டு வரோமே" என்று போனை வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் மணியாவது இருக்கும். திரும்பக் கூப்பிடக் கை போகும், தைரியம் வராது. கடைசியில் சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரம்மா அறைக்குப் போனேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். கோபம் வந்தால் சத்தம் குறையும் அவருக்கு.

சீட்டைப் பார்த்தார். "தலைவலி, வாந்தியா? டார்ச் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"டிக் இருக்கே."

"போட்டேன்மா."

சீட்டை மேஜைமேல் வைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "வீட்ல சொல்லிட்டீங்களா, ஏன் கேக்கறோம்னு?"

"சொல்லலம்மா."

"இப்ப அவர் எடுத்தாலும் நம்ப மாட்டார். பித்தம்னு முடிவு பண்ணிட்டார். பிரஷர் குறைக்கற சொட்டும் மாத்திரையும் ஃபார்மசில வாங்கிக்கிட்டுப் போங்க. நேர்ல போங்க. கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க வராம நீங்க மட்டும் வராதீங்க."

என் ஸ்கூட்டருக்கு வயசாகிவிட்டது, மழையில் இருமும். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறும்போது வாயில் நாராயண நாமம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வேண்டிக்கொண்டது என்னவென்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. 'அந்தக் கண்ணைக் காப்பாத்து' என்று பாதி. 'என்னைக் காப்பாத்து' என்று பாதி.

சித்திரை வீதியில் உள்ளடங்கின வீடு. கூடத்தில் மாமி பாயில் படுத்திருந்தார். நெற்றியில் சுக்குப் பத்து காய்ந்து வெடித்திருந்தது. மழை இருட்டுக்கு நாலு மணிக்கே பெருமாளுக்கு விளக்கேற்றியிருந்தார்கள். என்னைக் குரலில் தெரிந்துகொண்டு மாமி எழுந்து உட்காரப் பார்த்தார்.

"தம்பி, நீங்களா? வந்ததும் நல்லதாப் போச்சு. ஒண்ணு சொல்றேன் கேளுங்கோ. விளக்கேத்தினேன் பாருங்கோ, சுடரைச் சுத்தி வட்டம் வட்டமா வர்ணம். பச்சை, சிவப்பு, ஊதா. திருவாசி வெச்ச மாதிரி. நாப்பது வருஷமா ஏகாதசி இருக்கேன், இன்னிக்குத்தான் பெருமாள் எனக்குக் காட்டினார். தலை இடிச்சா இடிக்கட்டுமே."

அவர் முகத்தில் வலி இருந்தது. அதையும் மீறி ஒரு சந்தோஷம் இருந்தது. உள்ளே நீர் ஏறிக் கருவிழி வீங்கினால் விளக்கைச் சுற்றி அப்படித்தான் வட்டம் தெரியும். டார்ச் அடித்தேன். காலையில் அடித்திருக்க வேண்டிய டார்ச். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல். பாப்பா பாதி விரிந்து அப்படியே நின்றது, வெளிச்சத்துக்கு அசையவே இல்லை. இமைமேல் விரலை வைத்து லேசாக அழுத்தினேன். கோலிக்குண்டு.

"என் விரல் எத்தனை மாமி?"

"விரலா? கையே புகைக்குள்ள இருக்கற மாதிரின்னா இருக்கு."

சொட்டை விட்டேன். மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் கேட்டேன். மாமாவின் முகம் மாறியது. மாமி வாயை மூடிக்கொண்டார்.

"ஏகாதசி தம்பி. நாளைக்குப் பாரணை ஆனதும் சாப்பிடறேன்."

"நாளைக்குள்ள பார்வை போயிடும் மாமி."

"பெருமாள் கொடுத்த வலி. அவர் பார்த்துப்பார். இவ்வளவு காட்டினவர் கைவிட்டுடுவாரா?"

ஒரு வழி என் மனசில் ஓடியது. துளசித் தீர்த்தத்தில் கலந்து, பெருமாள் பிரசாதம் என்று கொடுத்துவிடலாம். குடித்திருப்பார். ஆனால் காலையில் சீட்டில் ஒரு பொய், அப்புறம் போனில் ஒரு பொய் ஆயிற்று. மூன்றாவதைப் பெருமாள் பெயரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாமி, இது பெருமாள் கொடுத்தது இல்ல. நான் கொடுத்தது. காலைல சொட்டு விடறதுக்கு முன்னாடி டார்ச் போட்டு ஒரு சோதனை பண்ணணும். நான் பண்ணல. பண்ணினதா எழுதிட்டேன். பண்ணியிருந்தா உங்களுக்கு இந்தச் சொட்டை விட்டிருக்கவே மாட்டோம். அந்த வட்டம் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினதால தெரியறது. போன்ல மாமா கேட்டப்பவும் சொல்லாம மறைச்சேன்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். ஒல்லியான மனுஷர், கையை நீட்டி வாசலைக் காட்டினார். "ஒத்தைக் கண்ணுன்னு தெரியுமோல்லியோ? தெரிஞ்சுமா? எழுந்திருங்கோ. என் ஆத்துல உக்காராதேள். வெளியில போங்கோ!"

"போறேன் மாமா. மாத்திரையை மாமி முழுங்கினதும் போறேன்."

மாமி விளக்கு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு சந்தோஷத்தையும் நான் பிடுங்கிக்கொண்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் கேட்டார்.

"அப்போ தப்பு உங்க பேர்லதான்."

"ஆமா மாமி."

"இந்த ஏகாதசியை முறிக்கற பாவமும் உங்க பேர்லதான்."

"என் பேர்லயே இருக்கட்டும் மாமி."

"ஏன்னா, சத்தம் போடாம ஜலம் கொண்டு வாங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

ஸ்கூட்டரை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஒன்று மழையில் நின்றுபோய், பின்னால் வண்டிகள் அப்படியே கட்டிக்கொண்டன. மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டால் போயிற்று. மாமி குமட்டும்போதெல்லாம் பின்னால் திரும்பி, "மூக்கால மூச்சு விடுங்க மாமி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கொஞ்சம் ஓரமா நுழைச்சுப் போயிடுங்கண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"சார், இது ஆட்டோ. பறக்கணும்னா அந்தாண்ட கருடனைத்தான் கூப்பிடணும்" என்றார். ஆனாலும் இறங்கிப் போய், முன்னால் நின்ற வண்டிக்காரர்களோடு கத்திக் கத்தி, ஒரு சந்து உண்டாக்கிக் கூட்டிப் போனார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டரம்மா சக்கர நாற்காலியோடு வாசலிலேயே நின்றார். அழுத்தம் பார்த்தார், என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கையில் ஊசி ஏற்றி, பாட்டில் மருந்து இறக்கினார்கள். சொட்டுக்கு மேல் சொட்டு. நான் வராந்தாவில் நின்றேன். ஒரு மணி நேரம் போனது, அழுத்தம் இறங்கவில்லை. இன்னும் ஒரு அரைமணி. உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"இப்பத்தான் பசிக்கறது."

"விரதம்தான் போயிடுத்தே, ஒரு வாய் காபி வாங்கிண்டு வரட்டுமா?" என்று மாமா கேட்டார்.

"மருந்துக்குத்தான் முறிச்சேன். காபிக்கு முறிக்கலை."

வலி இறங்கினால்தான் மனுஷனுக்குப் பசி தெரியும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கருவிழி தெளிந்ததும் லேசர் வைத்துத் திரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓட்டை போட்டார்கள். தண்ணீருக்கு இன்னொரு வழி. இனிமேல் அடைக்காது. டாக்டரம்மா மாமியின் சீட்டை என் முன்னால் வைத்து, "டிக் போட்ட கையாலேயே எழுதுங்க" என்றார். டிக்கின்மேல் கோடு கிழித்து, 'டார்ச் அடித்துப் பார்க்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மாமாவிடம் ஒரு நகலும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு மாதம் என்னைப் பெஞ்சுப் பக்கமே விடவில்லை, பழைய சீட்டுகள் இருக்கிற அறையில் உட்கார்த்தி வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மாமி பார்வை சோதனைக்கு வந்தார். நான் அந்த அறைக்கு வெளியே நின்று கேட்டேன். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்று, நாலு, ஐந்து. கணீரென்று படித்தார். ஆறாவது வரியில் 'ப' என்றார், நிறுத்தினார், 'ம' என்றார், நிறுத்தினார். "இது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே" என்றார். ஏகாதசியன்று காலையில் எடுத்த சோதனை அதே சீட்டில் இருந்தது. அன்றைக்கு ஆறு வரியும் படித்திருந்தார்.

அந்த ஒரு வரி எந்த நேரத்தில் போனது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். மாமா "ஏன் சார் கேக்கறேள்?" என்று கேட்டதற்கும், நான் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததற்கும் நடுவில் போனது. டார்ச் அடிக்காதது கைத்தப்பு. கை யாருக்கும் தவறும். கேட்டவரிடம் வாயை மூடிக்கொண்டது அப்படி இல்லை.

அப்புறமும் மாமி வருஷா வருஷம் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, என்னைக் கண்டதும் பதினைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி, "மொதல்ல டார்ச்!" என்பார். ஓட்டை போட்ட கண்ணுக்கு அது தேவையில்லை. இருந்தாலும் அடித்தேன். அவருக்கு மட்டுமல்ல, அன்றிலிருந்து ஒருவரைக்கூட விட்டதில்லை.

இப்போது இதை எழுத வைத்த காரணத்தைச் சொல்கிறேன். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். "ஏகாதசி பட்டினியோட, மழைல, ஸ்கூட்டர்ல போய் ஒரு மாமியோட கண்ணைக் காப்பாத்தினவரு நீங்கதானே சார்?" என்றாள். அப்படித்தான் உங்களுக்குள் சொல்லிக்கொள்கிறீர்களாம். நான் காலை இழுத்துக்கொண்டேன், ஆனால் அப்போதும் அவளிடம் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நாளைக்கு உங்கள் பெஞ்சுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மழையையும் ஸ்கூட்டரையும் வேண்டுமானால் விட்டுவிடுங்கள். பார்க்காமல் டிக் போட்டான், கேட்டபோது மறைத்தான், ஆறு வரி படித்த கண் ஐந்து வரி படிக்கிறது. இந்த மூன்றையும், இதே வரிசையில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு நடுவில் இருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.